சுண்ணக்கட்டிக் கோடும் வைக்கோல் முகமூடியும்: அயர்லாந்துக் கிராமக் கல்யாணங்களைத் தேடி ஏழு நாள்

முதல் நாள்: டெல்டவுன், மீத் மாவட்டம்

அயர்லாந்தின் கிராமத்துக் கல்யாண வழக்கங்களை அவை வாழ்ந்த இடங்களிலேயே சென்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தப் பயணத்தை இன்று டெல்டவுனில் தொடங்கினேன். டப்ளினிலிருந்து கெல்ஸ் செல்லும் பேருந்தில் ஏறி, நேவனுக்கும் கெல்ஸுக்கும் நடுவில் இறங்கி, பிளாக்வாட்டர் ஆற்றுப் பக்கமாகச் செல்லும் சிறு சாலையில் நடந்தால், வேலியடைத்த புல்வெளிகளும் அவற்றில் மேயும் மாடுகளும் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. ஆனால் பழங்காலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், லூனாசா என்னும் அறுவடைத் திருநாளை ஒட்டி, அரசர்கள் கூடிய பெருங்கூட்டமும் விளையாட்டும் சந்தையும் இங்குதான் நடந்தன. லூ என்னும் தெய்வம், தன்னை வளர்த்த தாயான டால்டியூவின் நினைவாக இவற்றை ஏற்படுத்தியதாகப் புராணம் சொல்கிறது.

நில அளவைப் பணிக்காக ஊர் ஊராகச் சென்று இடப்பெயர்களைத் திரட்டிய ஜான் ஓடொனோவன் என்னும் அறிஞர் 1836-இல் இங்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் அவரிடம் ஒரு கல்யாண வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சுவரின் ஒரு பக்கத்தில் ஆண்களும் மறுபக்கத்தில் பெண்களும் நிற்பார்கள். நடுவிலுள்ள கதவில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். அந்தத் துளை வழியே நீண்ட பெண்ணின் கையை ஒருவன் பற்றினால், அந்த இருவரும் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ வேண்டும். அதன்பின் மனம் ஒத்துவரவில்லை என்றால், இருவரும் மீண்டும் டெல்டவுனுக்கு வந்து, ராத் டூவ் என்னும் மண்மேட்டின் நடுவில் முதுகோடு முதுகு சேர நின்று, ஒருவர் வடக்கேயும் மற்றவர் தெற்கேயும் நடந்துவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். இது வாய்மொழியாக வந்த நினைவு என்பதால் இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும் கி.பி. 700 அளவில் எழுதப்பட்ட அயர்லாந்தின் பழஞ்சட்ட நூல் ஒன்று, மணவாழ்வை வகைப்படுத்தும்போது, இருவரும் சொத்துக் கொண்டுவரும் கூட்டு, ஆணின் சொத்தில் பெண் வாழும் கூட்டு, பெண்ணின் சொத்தில் ஆண் வாழும் கூட்டு என்று சொத்தை வைத்தே முதல் வகைகளைப் பிரிக்கிறது என்பதும், விலகிச் செல்லும் உரிமையையும் அதே சட்டம் விரிவாகப் பேசுகிறது என்பதும் உறுதியானவை.

மண்மேடு தனியார் நிலத்தில் இருப்பதால் பக்கத்துப் பண்ணை வீட்டில் அனுமதி கேட்டுச் சென்றேன். வட்டமான கரை, அதன்மேல் முட்செடிகள், காலைப் பனியில் நனைந்த புல். நடுவில் நின்று வடக்கே பத்து அடி நடந்து பார்த்தேன். விலகுவதற்கென்று ஓர் இடத்தையே ஒதுக்கிவைத்திருந்த நினைவு, 1996 வரை மணமுறிவுக்குச் சட்டத்தில் வழியே இல்லாதிருந்த ஒரு நாட்டில், ஓர் ஊரின் வாய்மொழியில் தங்கியிருந்தது என்னை நெடுநேரம் அங்கேயே நிறுத்திவைத்தது.

இரண்டாம் நாள்: டர்லோ, மேயோ மாவட்டம்

டப்ளினிலிருந்து மேற்கே செல்லும் ரயிலில் காசில்பார் வந்து, அங்கிருந்து டர்லோவுக்கு வந்தேன். தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவு 2001 முதல் இங்கே இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏரும் கலப்பையும் கூடைகளும் மீன்பிடிப் படகுகளுமாக அடுக்கடுக்காகப் பார்க்க நிறைய இருந்தாலும், நான் வந்தது வைக்கோல் உடைகளுக்காக.

ஆங்கிலம் பேசும் கிராமத்தார் இவர்களை ஸ்ட்ராபாய்ஸ் என்கிறார்கள். வைக்கோல் வேடக்காரர்கள் என்று நாம் சொல்லலாம். கல்யாண விருந்து நடக்கும் வீட்டுக்கு இரவில், அழைப்பில்லாமல், சுற்றுவட்டார இளைஞர்கள் கூட்டமாக வருவார்கள். தலைமுதல் தோள்வரை மூடும் கூம்பு வடிவ வைக்கோல் முகமூடி, அதன்கீழ் வைக்கோலில் முடைந்த மேலாடை, இடுப்பில் வைக்கோற்கயிறு. யார் என்று தெரியாதிருக்கப் பேசாமலோ குரலை மாற்றியோ நடந்துகொள்வார்கள். அவர்களுடைய தலைவன் மணப்பெண்ணை ஆட அழைப்பான். ஆடி முடித்து, கொடுத்ததைக் குடித்து, வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் வந்தால் வீட்டுக்கு யோகம். அவமதித்து அனுப்பிய வீட்டில் ஏதாவது குறும்பு செய்யாமல் போகமாட்டார்கள் என்ற அச்சமும் உண்டு.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த முகமூடி ஒன்றின்முன் அரைமணி நேரம் நின்றேன். உச்சியில் வைக்கோல் தாள்களை ஒன்றுசேர்த்து இறுகக் கட்டியிருக்கிறார்கள். அதன்கீழே சடைபோலப் பின்னிய வளையங்கள் வரிசையாக இறங்கி, முகத்துக்கு நேரே வரும் இடத்தில் பின்னல் நின்று, வைக்கோல் தனித்தனித் தாள்களாகத் தொங்குகிறது. அந்தத் தாள்களின் இடைவெளி வழியாகத்தான் அணிந்தவர் உலகைப் பார்த்திருக்க வேண்டும். செய்தவரின் விரல் எங்கே அழுத்தி மடித்ததோ அங்கே தாள் உடையாமல் வளைந்திருக்கிறது. வைக்கோலை ஈரப்படுத்திப் பதமாக்கத் தெரிந்த கை அது. ஓர் இரவுக்காக இவ்வளவு உழைப்பு.

அழைப்பிதழ் இல்லாதவருக்கும் கல்யாணத்தில் ஓர் இடத்தை ஊர் ஒதுக்கிவைத்திருந்தது என்பதைத்தான் இந்த வழக்கத்தின் சாரமாக நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் மணமாகாத இளைஞர்கள். அவர்களுள் எத்தனை பேருக்குப் பின்னாளில் தம் வீட்டில் கல்யாண விருந்து நடந்திருக்கும் என்ற கேள்வி இன்றே மனத்தில் விழுந்துவிட்டது. அதற்கு விடை தேடி இன்னும் தெற்கே போக வேண்டும்.

மூன்றாம் நாள்: கிளாடா, கால்வே

இன்று எழுத அதிகம் இல்லை. கால்வே நகரின் ஓரத்தில் கடலைப் பார்த்திருக்கும் கிளாடா ஒரு காலத்தில் தனி மீனவக் குடியிருப்பு. கூரை வீடுகளெல்லாம் 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டன. இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தி நிற்க, இதயத்தின்மேல் மகுடம் அமைந்த கிளாடா மோதிரம் இந்த ஊரின் பெயரால்தான் வழங்குகிறது. வலக்கையில் இதயத்தின் முனை வெளிப்புறம் பார்த்திருந்தால் இன்னும் யாரும் அமையவில்லை என்றும், முனை மணிக்கட்டைப் பார்த்திருந்தால் மனம் ஒருவரிடம் இருக்கிறது என்றும், இடக்கையில் அவ்வாறு அணிந்தால் மணமாகிவிட்டது என்றும் பொருள். தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் நகை இது.

நகரின் கடைத்தெருவில் மோதிரக் கடைகளில் கூட்டம் நெரிசலாக இருந்தது. நான் கடற்கரைக் கல்லில் அமர்ந்து, கைப்பேசியில் பள்ளிப் பிள்ளைகளின் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி மாணவர்கள், தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதியது இந்தத் தொகுப்பு. இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம். கல்யாண வழக்கங்களைப் பற்றியும் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். மே மாதம் ஆகாது, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும், தரகர் வந்து பேசுவார், சீதனம் இவ்வளவு என்று பாட்டி சொன்னதையெல்லாம், கல்யாணம் என்றால் என்னவென்றே அறியாத வயதில், குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருக்கும் பக்கங்களை மூடிவைக்க மனம் வரவில்லை.

நான்காம் நாள்: லிஸ்டூன்வார்னா, கிளேர் மாவட்டம்

கால்வேயிலிருந்து 350-ஆம் எண் பேருந்து, சாம்பல் நிறப் பாறைப் பரப்பான பர்ரன் வழியாக, லிஸ்டூன்வார்னாவில் கொண்டுவந்து விட்டது. கந்தகமும் இரும்பும் கலந்த ஊற்றுநீருக்காக 19-ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற சிற்றூர் இது. உடல்நலம் தேடி வசதியானவர்கள் வந்தார்கள். 1887-இல் மேற்குக் கிளேர் ரயில் பாதை வந்தபின் எனிஸ்டைமன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் இன்னும் பலர் வந்தார்கள். அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் கிடைக்கும் செப்டம்பரில் உழவர்கள் வந்தார்கள். மணவயதுப் பிள்ளைகளை உடையவர்கள் ஓரிடத்தில் கூடினால் சம்பந்தப் பேச்சு நடக்காமல் இருக்குமா? அப்படி வளர்ந்ததுதான் இன்றும் செப்டம்பர் முழுவதும் நடக்கும் மணத்துணை தேடும் திருவிழா.

பகலிலேயே நடனம் தொடங்கிவிடுகிறது. நான் சென்றபோது நண்பகல். அக்கார்டியன் இசைக்கு எழுபது வயதுக்காரர்கள் துணையோடு சுழன்றுகொண்டிருந்தார்கள். மூன்றாம் தலைமுறைத் தரகரான வில்லி டேலியின் பெயரை ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து வரும், தாள்கள் பிதுங்கும் பழைய புத்தகம் ஒன்று அவரிடம் உண்டு. கண்ணை மூடி இரண்டு கைகளாலும் அதை ஏழு விநாடி தொட்டால் ஆறு மாதத்துக்குள் காதலோ கல்யாணமோ கைகூடும் என்பது நம்பிக்கை.

திருவிழாவின் ஆரவாரத்தைவிட, சுவரோரமாக நாற்காலி போட்டு அமர்ந்திருந்த ஆண்களே என் கண்ணில் தங்கினார்கள். சலவை செய்த சட்டை, மெருகேற்றிய காலணி, கையில் தொப்பி. ஒருவர் என்னிடம், தாம் 22 ஆண்டுகளாக ஒவ்வொரு செப்டம்பரிலும் வருவதாகச் சொன்னார். பெண் அமைந்ததா என்று நான் கேட்கவில்லை. "ஆடுவதற்கு வருகிறேன்; வீட்டில் ஆட யார் இருக்கிறார்கள்?" என்று அவரே சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கு எழுந்து போனார்.

ஐந்தாம் நாள்: கிளேர் மாவட்டத்து ஒரு பண்ணை வீடு

லிஸ்டூன்வார்னாவிலிருந்து சில மைல் தள்ளி, காலை உணவோடு அறை வாடகைக்குத் தரும் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர். எழுபதைத் தொடும் வயது. அவருடைய அண்ணன், சில ஆண்டுகள் மூத்தவர், பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொள்கிறார், மணமாகாதவர். நாளை மறுநாள் அவர்களுடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். நான் வந்த காரணத்தைக் கேட்டறிந்ததும், "மாலை விருந்துக்கு நீங்களும் கட்டாயம் வர வேண்டும்" என்றார் அந்த அம்மா. கல்யாணத் திருப்பலிக்கும் முதல் விருந்துக்கும் நெருங்கிய உறவினரை அழைத்து, இரவு நடனத்துக்கு ஊராரையும் தெரிந்தவர்களையும் அழைப்பது இங்கே வழக்கம். இரண்டாவது அழைப்புக்கு ஆஃப்டர்ஸ் என்று பெயர்.

பெரியவர் என்னை வயல்களுக்கு அழைத்துச் சென்றார். தரகர் காலத்தில் சம்பந்தம் எப்படிப் பேசப்பட்டது என்பதை நிலத்தின்மேல் நடந்துகொண்டே விளக்கினார். ஐரிஷ் மொழியில் சம்பந்தத்துக்கு கிளௌனஸ் என்று பெயர், சீதனத்துக்கு ஸ்ப்ரே. ஆங்கிலம் பேசியவர்கள் சீதனத்தை ஃபார்ச்சூன் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் தரகர் மூலம் சொல்லியனுப்புவார்கள். சந்தை நாளில் மதுக்கடையின் உள்ளறையில் இரு தரப்பும் அமர்ந்து பேசும். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஒரு தரப்பு கேட்டால், "இத்தனை மாடு கட்டும் நிலம் இது" என்று மறுதரப்பு பதில் சொல்லும், நிலம் எத்தனை மாடுகளைத் தாங்குமோ அதைப் பொறுத்துச் சீதனம் ஏறும், இறங்கும். அதன்பின் பெண்ணின் தந்தை நிலத்தை நடந்து பார்க்க வருவார். அவர் வேலிகளையும் கிணற்றையும் தொழுவத்தையும் பார்த்து, மாடுகளை எண்ணி, மண்ணைக் காலால் கிளறிப் பார்ப்பார். அக்கம்பக்கத்திலிருந்து மாடுகளை இரவல் வாங்கிக் கட்டிவைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. மனம் ஒத்தால் வழக்கறிஞரிடம் சென்று பத்திரம் எழுதுவார்கள்.

அந்தப் பத்திரத்தில்தான் என் மனம் தங்கியது. நிலம் மகன் பெயருக்கு மாறும். ஆனால் பெற்றோருக்கு அந்த வீட்டில் ஓர் அறை, ஒரு மாட்டுக்கு மேய்ச்சல், உருளைக்கிழங்குக்கு இவ்வளவு நிலம், ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல வண்டி என்று ஒவ்வொன்றும் எழுத்தில் வரும். 1930-களில் இந்தக் கிளேர் மாவட்டத்தில் தங்கி ஆய்வு செய்த ஹார்வர்டு மானுடவியலாளர்கள் கான்ராட் ஆரன்ஸ்பெர்கும் சாலன் கிம்பாலும் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பெற்றோர் ஒதுங்கும் அறை பெரும்பாலும் அடுப்பறைக்கு மேற்கே இருக்கும்; மேற்கறை என்பார்கள். குடும்பப் படங்களும் புனிதர் படங்களும் நல்ல சாமான்களும் அந்த அறையில்தான் இருக்கும். மருமகள் வருகிற அன்று மாமியார் அடுப்பைக் கொடுத்துவிட்டு மேற்கே நகர்கிறார். அவள் வாசற்படி தாண்டும்போது அவளுடைய தலைக்கு மேல் ஓட்ஸ் ரொட்டியை மாமியார் உடைக்கும் வழக்கம் சில பகுதிகளில் இருந்தது.

சீதனப் பணம் எங்கே போகும் என்று கேட்டேன். அது மணப்பெண்ணுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. மாப்பிள்ளையின் தந்தை வாங்கி, தம் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார். அல்லது மற்றப் பிள்ளைகளுக்குக் கப்பல் கட்டணமாகப் போகும். ஒரே தொகை ஒரு வீட்டு மருமகளோடு உள்ளே வந்து, அந்த வீட்டு மகளோடு வெளியே போய், வீடு வீடாக நகர்ந்துகொண்டிருந்தது.

இவ்வளவு இறுக்கம் எப்போதும் இருந்ததில்லை. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன், உருளைக்கிழங்கை நம்பி, தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு இளவயதிலேயே மணந்தார்கள். பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். பிழைத்தவர்கள் நிலத்தை இனித் துண்டாக்குவதில்லை என்று உறுதியாக நின்றார்கள். ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மற்றவர்களுக்குப் பயணம். நிலம் வாங்கும் மகனும் தந்தை மனம் இரங்கிக் கையெழுத்திடும் வரை காத்திருக்க வேண்டும். நாற்பது வயதிலும் அவன் அந்த வீட்டில் 'பையன்'தான். 1936-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 25 முதல் 34 வயது வரையிலான ஆண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மணமாகாதவர்கள். டர்லோவில் எழுந்த கேள்விக்கு விடை இந்த எண்ணிலும், நான் மிதித்து நின்ற ஈர மண்ணிலும் இருந்தது.

இதற்குமேல்தான் கேலி வருகிறது. தவக்காலத்தில் கல்யாணத் திருப்பலி கிடையாது. ஈஸ்டருக்குப் பின் உழவு வேலை நெருக்கும். ஆகவே ஜனவரி 6-ஆம் நாள் மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய் வரை உள்ள சில வாரங்களே கல்யாணப் பருவம். அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் மிக அதிகமான கல்யாணங்கள் நடக்கும். அதைத் தவறவிட்டவர்கள் தவக்காலத்தின் முதல் ஞாயிறு கோவிலுக்கு வரும்போது, சிறுவர்கள் பின்னால் பதுங்கி வந்து அவர்களுடைய கோட்டில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துவிட்டு ஓடுவார்கள். சுண்ணக்கட்டி ஞாயிறு என்றே அதற்குப் பெயர். சில ஊர்களில் மறுநாள் திங்கட்கிழமை, மணமாகாதவர் கெட்டுப்போகாமல் அடுத்த ஆண்டுவரை இருக்கட்டும் என்று அவர்மேல் உப்புத் தூவினார்கள்.

"என் சித்தப்பா கோட்டில் நானே போட்டிருக்கிறேன்" என்றார் பெரியவர். அவருக்கு அப்போது ஆறு வயது. சித்தப்பா இந்த வீட்டிலேயே கடைசிவரை வேலை செய்து, மாட்டுத் தொழுவத்துக்கு மேலுள்ள மாடியில் படுத்தவர். கருப்புக் கோட்டில் வெள்ளைக் கோட்டோடு திருப்பலி முழுவதும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் கைக்குட்டையால் துடைத்து மாட்டினார். பெரியவர் இதைச் சொல்லி முடித்தபின் வேலிக் கம்பியை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே நடந்தார். தம் முறை வருவதற்குள் அந்த வழக்கம் நின்றுவிட்டதாக மட்டும் சொன்னார்.

ஆறாம் நாள்: கல்யாணம்

நேற்று மழை, வெளியே போகவில்லை; அந்த நாளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. நேற்றிரவு, குழந்தை இயேசு சொரூபத்தை வீட்டுக்கார அம்மா தோட்ட வேலிச் செடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். செக் நாட்டுப் பிராக் நகரத்தின் குழந்தை இயேசு அது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு வெளியில் வைத்தால் மறுநாள் வானம் தெளியும் என்பது அயர்லாந்து முழுவதும் உள்ள நம்பிக்கை. தலை உடைந்த சொரூபத்துக்கு வலிமை அதிகம் என்பார்கள். இந்த வீட்டுச் சொரூபத்தின் கழுத்தில் பழுப்பேறிய பசை வளையம் ஒன்று இருந்தது. மூன்று தலைமுறைக் கல்யாணங்களுக்கு வேலிக்கடியில் நின்ற சொரூபம். காலையில் தூறல் நின்றுவிட்டது.

இன்று சனிக்கிழமை. பழைய நம்பிக்கையில் சனி ராசியில்லாத நாள். வெளியூரிலிருந்து வருபவர்களின் வசதிக்காக இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. பங்குக் கோவிலின் கடைசி வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. மோதிரம் மாற்றியபின், சிறு தட்டில் வைத்திருந்த பொன், வெள்ளிக் காசுகளை மணமக்கள் கைமாற்றிக்கொண்டார்கள். எனக்கு உள்ளதெல்லாவற்றின் அடையாளமாக இதைத் தருகிறேன் என்பது அதற்குரிய வாசகம். அயர்லாந்தின் கத்தோலிக்கத் திருமண முறையில் விரும்புவோருக்கு இந்தப் பகுதி உண்டு. காசு உள்ளங்கையில் விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மணப்பெண்ணின் மலர்க்கொத்தில் சின்னதாக ஒரு குதிரை லாடம் தொங்கியது. பின்னர் அது வீட்டு வாசலுக்கு மேல் ஏறும். முனைகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். கவிழ்த்து மாட்டினால் யோகம் கொட்டிவிடும்.

முற்காலத்தில் கோவிலிலிருந்து விருந்து வீட்டுக்கு இளைஞர்கள் குதிரையில் பறப்பார்கள். முதலில் போய்ச் சேர்பவருக்கு ஒரு புட்டி விஸ்கி. குதிரைகள் போய்விட்டன; ஆனால் நெருப்பு இருக்கிறது. மணமக்கள் கடந்து செல்லும் சாலைச் சந்தியில், அந்தப் பகுதி மக்கள் மரக்கட்டைகளையும் பழைய பலகைகளையும் குவித்துத் தீ மூட்டி வரவேற்கிறார்கள். எங்கள் சந்தியில் தீயைப் பார்த்துக்கொண்டவர் பெரியவர்தான். கார் வந்ததும் நின்றது. மணப்பெண் வெண்ணிற உடையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்து, சாம்பல் ஒட்டிய கையோடு நின்ற பெரியப்பாவைக் கட்டிக்கொண்டாள். விருந்து நடக்கும் ஹோட்டலுக்கு அவர் வரவில்லை. "நெருப்பை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இரவு பத்தரை மணிக்கு இசை திடீரென்று நின்றது. வாசற்கதவு திறந்தது. ஏழு பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள், ஏழு வைக்கோற்கூம்புகள். பேச்சு அடங்கி, கூடத்தில் வைக்கோல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. டர்லோவில் கண்ணாடிக்குள் அசையாமல் இருந்தது இங்கே மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தது. தாள்களின் நுனியில் வெளிச்சம் நடுங்கியது. தலைவன் குனிந்து மணப்பெண்ணிடம் கை நீட்டினான். ஒருவர் மாப்பிள்ளையின் தாயையும், இன்னொருவர் வீட்டுக்கார அம்மாவையும் அழைத்தார்கள். மணப்பெண் ஆடும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவதைகள் தூக்கிச் சென்றுவிடும் என்று பக்கத்திலிருந்த பாட்டி என்னிடம் சொல்லி, மணப்பெண்ணின் கால்களையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேரில் ஐந்து பேர் இளைஞர்கள் என்பதை நடையே காட்டிற்று. மணப்பெண்ணோடு ஆடியவரின் காலணி வயலில் போடும் கனத்த காலணி. தோலின் மடிப்புகளில் சாம்பல் படிந்திருந்தது. கனத்த காலணியோடு அவர் ஒரு தவறான அடியும் வைக்காமல் ஆடினார். மணப்பெண் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடியும்போது வைக்கோல் தாள்களுக்குள் கை நுழைத்து, முகத்தை ஒருமுறை தொட்டாள். ஏழு பேரும் வந்தபடியே திரும்பிப் போனார்கள். கூடத்தில் சிந்திக் கிடந்த தாள்களைச் சிறுபிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஏழாம் நாள்: போர்ட்மகீ, கெர்ரி மாவட்டம்

காலை உணவின்போது நேற்றைய இரவைப் பற்றிப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஸ்கெல்லிக் பாறைக்குப் போகிறேன் என்றதும் ஒரே ஒன்று கேட்டார்: "அங்கே கோவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் சித்தப்பாவை ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான் அனுப்பினார்கள்."

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. தெற்கே கெர்ரியிலும் கார்க்கிலும் ஸ்கெல்லிக் பட்டியல் என்றொரு வழக்கம் இருந்தது. கடலுக்குள் நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் என்னும் பாறைத் தீவின் துறவிகள் பழைய நாட்காட்டியையே பின்பற்றியதால் அங்கே தவக்காலம் பிந்தித் தொடங்குகிறது என்றும், கல்யாணப் பருவத்தைத் தவறவிட்டவர்கள் அங்கே போய் மணந்துகொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு. அதை வைத்து, ஊரில் மணமாகாத ஆண்களையும் பெண்களையும் பொருந்தாத ஜோடிகளாகச் சேர்த்து, இன்னார் இன்னாரோடு படகேறுகிறார் என்று கேலிப்பாட்டு எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள். கார்க் நகரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் இவற்றை அச்சிட்டே விற்றார்கள். அந்த வழக்கம் கிளேர்வரை பேச்சாகவாவது வந்திருக்கிறது.

கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்கு ஷானன் ஆற்றுமுகத்தைப் படகில் கடந்து, பிற்பகலில் போர்ட்மகீ வந்து சேர்ந்தேன். மறுநாள் காலைப் படகுக்குச் சீட்டு இருந்தது. ஆனால் அலை உயரம் குறையாததால் படகு போகாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த சில நாட்களும் ஐயம்தான். ஊருக்கு மேலுள்ள குன்றில் ஏறி, காற்றில் நிற்க முடியாமல் வேலித்தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், கூர்மையான இரண்டு முடிகளோடு அந்தப் பாறை நிற்கிறது. 618 கற்படிகள் ஏறினால் துறவிகளின் தேன்கூடு போன்ற கற்குடில்கள். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் துறவிகள் பாறையை விட்டுக் கரையிலுள்ள பாலின்ஸ்கெல்லிக்ஸுக்கு வந்துவிட்டார்கள். கேலிப்பாட்டுக்காரர்கள் ஜோடிகளை அனுப்பிவைத்த காலத்தில், அங்கே கல்யாணத்தை நடத்திவைக்க ஒரு குருவானவர் இல்லாமல் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

கடையில் பாறையின் படம் போட்ட அஞ்சல் அட்டை ஒன்றை வாங்கினேன். புனித மிக்கேல் கோவில் என்று ஒன்று அங்கே இருக்கிறது, கூரை இல்லை, சுவரும் பாதிதான், வெளியே பழைய சிலுவைக் கற்கள் நிற்கின்றன, நான் கரையிலிருந்துதான் பார்க்க முடிந்தது என்று எழுதினேன். அட்டையில் இன்னும் சிறிது இடம் இருந்தது. நேற்றைய ஆட்டம் மிக நன்றாக இருந்தது என்பதையும் அதில் எழுதி, கடைசி அஞ்சல் எடுப்பதற்குள் பெட்டியில் போட்டேன்.